ஒன்பது மணிக்கு ஒரு தட்டு

எதிர்வீட்டு வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்தது. மணி பதினொன்று. நேற்றைய பால் கெட்டே போய்விட்டது.

அந்த வீட்டில் பெல் தாத்தா தனியாக இருக்கிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மணியடித்தவர். நோய் பரவியதிலிருந்து யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஏழு மாதமாக மகனோடு போனில் பேசுவதோடு சரி.

பள்ளிச் சிறுமி வாலு தன் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். "தாத்தா, பால்."

வெகுநேரம் கழித்து ஜன்னல் திறந்தது. தாடி மண்டிய முகம்.

"எடுக்கிறேன்."

"சாப்பிட்டீங்களா?"

"எல்லாரும் இதையே கேளுங்க. இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒரே நாள்தான்."

ஜன்னல் மூடிக்கொண்டது.

வாலுவின் அம்மா நர்ஸ். மாலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தார்.

"தாத்தாவுக்குக் காய்ச்சலாம்மா?"

"இல்லடி. எழுந்து என்ன பண்ணப்போறோம்னு இருக்கும். இப்படியே விட்டா படுத்த படுக்கையாயிடுவார்." அம்மா கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கே சில நாள் அப்படித்தான் இருக்கு."

வாலு வெகுநேரம் யோசித்தாள்.

மறுநாள் காலை எதிர் ஜன்னல் திறக்கும்வரை கூப்பிட்டாள்.

"தாத்தா, ஒரு உதவி. அம்மா எட்டு மணிக்கே போயிடறாங்க. நான் மறுபடி தூங்கிடறேன். போன் வகுப்புல டீச்சர் திட்டுறாங்க. ஒன்பதுக்கு மணியடிப்பீங்களா?"

"அலாரம் வெச்சுக்க."

"அமுக்கிட்டுத் தூங்கிடறேன். உங்களை அமுக்க முடியாதே."

தாத்தா சிரிக்கவில்லை. "மணிக்கு எங்க போறது?"

"வீட்டுல தட்டு இல்லையா?"

தாத்தா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒன்பது பத்துக்கு, தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம் சோர்வாகக் கேட்டது.

"லேட்டு, தாத்தா."

"கிழட்டுக் கை. பொறுத்துக்க."

வெள்ளிக்கிழமை சரியாக ஒன்பது. திங்கட்கிழமை தாடியைக் காணோம். இடைவேளைக்கும் மணி அடித்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மேல்வீட்டு ஆபீஸ்காரர்கூடக் கணினியை மூடிவிட்டு டீ போடக் கிளம்பினார். பால் பாக்கெட் கிடந்த இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை. கடைசி வகுப்பு முடியும்போது மணி நீளமாக ஒலித்தது. தாத்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, களைத்துப்போய் ஜன்னல் கம்பியில் சாய்ந்தார்.

"வாலு, நாளைக்குச் சனிக்கிழமை. மணி கிடையாது. நல்லாத் தூங்கு."