ஆலியா பேசத் தொடங்கினாள்

ஜோதிமணி சொன்ன ஆங்கில வாக்கியத்தை ஆலியா திருப்பிச் சொன்னாள். நடுவில் ஜோதிமணிக்கு வந்த இருமலையும் அதே இடத்தில், அதே சளிக்கரகரப்போடு இருமினாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்து ஜோதிமணி சிரித்துவிட்டாள். பதினோரு நாளாக வாயே திறக்காத பிள்ளை முதன்முதலாகப் பேசியிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் மற்றது எதுவும் பெரிதாகப் படவில்லை.

சாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் ஆங்கிலம் நடத்தியவள் ஜோதிமணி. கணவன் விட்டுப் போன பிறகு, ஆறு வயது மகள் தர்ஷிகாவைத் தன் அம்மா சரோஜாவின் பொறுப்பில் விட்டுவிட்டு குவைத்துக்கு வந்திருந்தாள். ஃபஹாஹீலில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் மைதீனின் மகள் ஆலியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தாயில்லாப் பிள்ளை, ஒன்பது வயது. அந்த ஃபிளாட்டிலேயே ஓர் அறையும் சாப்பாடும் ஜோதிமணிக்கு உண்டு. பாஸ்போர்ட்டை காதர் மைதீன் வாங்கி வைத்துக்கொண்டார். அடித்து வந்த விசாவில் டீச்சர் என்று இல்லை, வீட்டு வேலை என்றிருந்தது.

"இங்க எல்லாருக்கும் அப்படித்தான் டீச்சர். நீங்க பாட்டுக்குப் பாடத்த நடத்துங்க. புள்ள பேசணும், அவ்வளவுதான்."

ஆலியா பேசிய அன்று மாலை அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் சந்தோஷப்படவில்லை. "இவ்வளவு சீக்கிரமாவா?" என்று கேட்டுவிட்டு, ஜோதிமணியின் முகத்தைப் பார்க்காமல் கைகழுவப் போனார்.

அதன் பிறகு ஆலியா தினமும் பேசினாள். மதியம் மூன்று மணிக்கு, தடித்த திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்ட கூடத்தில், ஏசியின் ஓயாத முனகலுக்கும் எப்போதோ புகைத்த ஊது அகில்கட்டையின் இனிப்பு வாடைக்கும் நடுவே இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். ஜோதிமணி ஒரு வரி சொல்ல, அவள் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை, சின்ன நாக்கை ஒருமுறை சுழற்றிவிட்டு, அந்த வரியை முப்பத்திரண்டு வயதுக் குரலில் திருப்பித் தரும். ஜோதிமணியின் குரலில். வரியின் கடைசிச் சொல்லை லேசாக இழுத்து முடிக்கும் அவளுடைய சாத்தூர் இழுவைகூட அப்படியே இருந்தது.

ஜோதிமணிக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. ஏசிக் காற்று, மண் தூசி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வரும் கந்தக நெடி என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். தர்ஷிகா ஃபோனில், "அம்மா, நீ பேசுறது கேக்கவே மாட்டேங்குது," என்று சிணுங்கினாள். ஜோதிமணி கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், குளித்துவிட்டு வந்தவளுக்குத் தன் அறைக்குள்ளிருந்து தன் குரலே கேட்டது.

"சாப்டியாடி தங்கம்? ஆச்சிய படுத்தாம இருக்கியா?"

தமிழ். ஆலியாவுக்கு அவள் ஒருநாளும் தமிழில் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. தினமும் ஃபோனில் தர்ஷிகாவிடம் கேட்பவை அவை. கதவைத் தள்ளினாள். கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி, கால்களை ஆட்டிக்கொண்டே அந்த இரண்டு வரிகளையும் ஆலியா மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் குரலில் கொஞ்சம் கூடுதல் பாசம்.

அன்றே காதர் மைதீனிடம் போய் நின்றாள். அவளால் முடிந்தது கிசுகிசுப்பு மட்டும்தான்.

"என்னைய ஊருக்கு அனுப்பிருங்க பாய்."

அவர் தட்டிலிருந்த மீனின் முள்ளை எடுத்தபடியே பேசினார். "போன டீச்சர் வர்றதுக்கு முன்ன ரெண்டு வருஷமா இந்த வீட்டுல சத்தமே இல்லாம கெடந்தேன் டீச்சர். அவுகளோடது எட்டு மாசம்தான் வந்துச்சு, அப்புறம் தேஞ்சு போச்சு. உங்களோடது நல்ல கனமான கொரலு. கொஞ்ச நாளைக்கு வரும்."

"அந்த டீச்சர்... இப்ப எங்க?"

"அனுப்பியாச்சு. யாருகிட்ட என்ன சொல்ல முடியும் அவுகளால?" முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "சாப்பிடுங்க. ஆறிரும்."

மறுநாள் மண்புயல். பிற்பகலிலேயே வெளியே எல்லாம் ஆரஞ்சு நிறமாகி, எதிர்க் கட்டடம் மறைந்து, சன்னல் இடுக்குகளில் மணல் சீறிக்கொண்டே நுழைந்தது. நாக்கில், பல்லிடுக்கில், இமைக்குள் எங்கும் மண்ணின் நறநறப்பு. காதர் மைதீன் கடைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஜோதிமணி கதவைத் தட்டினாள். கத்தினாள்.

வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

இன்னொரு முறை. வாய் கிழியத் திறந்து. ஒன்றுமில்லை.

கூடத்தில் அவளுடைய ஃபோன் அடித்தது. தர்ஷிகா வீடியோவில் கூப்பிடும் நேரம். ஜோதிமணி ஓடினாள். ஆலியா அதற்குள் எடுத்திருந்தாள். கேமராவை விரலால் மூடிக்கொண்டு, மேசையின் மறுபக்கம் போய் நின்றாள். திரையில் தர்ஷிகாவின் முகம் மட்டும் தெரிந்தது.

"அம்மா! ஒன்னையக் காணோமே."

"நெட்டு சரியில்லடா தங்கம்."

"ஐ! அம்மா, இன்னைக்கு நல்லா கேக்குது!"

ஜோதிமணி மேசையை அறைந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டாள்.

"என்ன சத்தம்மா அது?"

"வேலைக்காரம்மா. எதையோ கீழ போட்டுட்டா."

ஜோதிமணி பாய்ந்தாள். ஆலியா மேசையைச் சுற்றி ஓடினாள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. விளையாட்டுப் பிள்ளையைப் போல். அறைக்குள் புகுந்தாள். தாழ் விழுந்தது. கதவின் கண்ணாடிப் பட்டை வழியே எல்லாம் தெரிந்தது. எல்லாம் கேட்டது.

"ஸ்கூல்ல என்னடா சொல்லிக்குடுத்தாங்க?"

"ரைம்ஸ்மா! சொல்லவா?"

"சொல்லு கண்ணு. மெதுவா. அம்மா திருப்பிச் சொல்றேன்."

ஜோதிமணி கண்ணாடியைக் குத்தினாள். உடையவில்லை. முழங்கையால். தலையால்.

தர்ஷிகா சொன்னாள். ஒரு வரி. அம்மாவுக்காக, கணீரென்று, முன்பல் விழுந்த இடுக்கில் காற்று விசிலடிக்க.

ஆலியா அந்தத் திரையில் தெரிந்த சின்ன உதடுகளையே பார்த்தாள். நாக்கைச் சுழற்றினாள்.

திருப்பிச் சொன்னாள்.

ஜோதிமணியின் குரலில் இல்லை. பல்லிடுக்கில் விசிலடிக்கும் குரலில்.

"இன்னொரு வாட்டி," என்றாள் ஆலியா, அதே மழலையில்.

திரையில் தர்ஷிகா சிரித்தபடியே வாயைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. ஒரு கை மட்டும் மெல்ல எழுந்து கழுத்தைத் தடவிப் பார்த்தது.