இடது காதில் ஒரு கொலை

செல்போன் அலறியது.

பவானி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிதான் அவளுடைய ஸ்டுடியோ. கீறலும் இரைச்சலும் ஏறிப்போன பழைய சினிமாப் பாட்டுகளைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில். அந்தப் பாட்டுகளை ஊர் ஊராக அலைந்து தேடிப்பிடித்துக் கொண்டுவருவது அவள் கணவன் எழிலனின் வேலை.

போனில் எழிலன்தான்.

"பவா... கெடச்சிடுச்சு!"

"எது மாமா?"

"'நெய்தல் ராணி'! முழு மியூசிக்கும்! ஸ்டீரியோ ஒரிஜினல் டேப்பு!"

பவானி எழுந்தே விட்டாள்.

'நெய்தல் ராணி' ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம். இசையமைப்பாளர் கார்த்திகேசன் அதை ஸ்டீரியோவில் பதிவு செய்ததாகப் பேச்சு. ஒரு வாத்தியம் இடது காதில், இன்னொன்று வலது காதில் என்று தனித்தனியாகக் கேட்கும். ஆனால் அன்றைய தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் ஒரே ஸ்பீக்கர்! ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்கி வெளியிட்டார்கள். படத்திலும் அதுதான், இசைத்தட்டிலும் அதுதான். ஸ்டீரியோ டேப்பை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

"எங்க கெடச்சுது மாமா?"

"இங்க, கடலூர் முதுநகர்லதான். அதை ரெக்கார்டு பண்ணின இன்ஜினியர் தேவநாதன் இருந்த வீட்டை இடிக்கிறாங்க. சாமானெல்லாம் சிங்காரம் காயலாங்கடைக்கு வந்திருக்கு. நம்ம குடோன் மெஷின்ல போட்டுக் கேட்டுட்டேன் பவா... பேச்சே வரல எனக்கு!"

"ஒடனே பஸ் ஏறுங்க!"

"வர்றேன். ஆனா..." எழிலனின் குரல் தாழ்ந்தது. "பாட்டுக்கு முன்னாடி டேப்புல கொஞ்சம் பேச்சும் இருக்கு. அதைக் கேட்டா ஒருத்தரு ஒடஞ்சி போயிடுவாரு. ஊருக்குத் தெரியறதுக்கு மின்ன அவுருகிட்ட சொல்லிடறதுதான் மரியாதை. வரச் சொல்லியிருக்கேன்."

"யாரை?"

"நேர்ல சொல்றேன். இரு... ஆள் வந்துட்டாரு போலருக்கு."

கட்!

பவானி திரும்ப அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை.

மத்தியானம் அதே நம்பரிலிருந்து போன் வந்தது. எழிலன் இல்லை. ஒரு பெண் குரல்.

"இந்த நம்பர்க்காரரு உங்களுக்கு யாரு?"

"என் வீட்டுக்காரர்... நீங்க?"

"முதுநகர் இன்ஸ்பெக்டர் மங்கலம் பேசறேன்மா. கெளம்பி கடலூருக்கு வாங்க. தொணைக்கு யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."



"உசுரு... உசுரு இருக்கா மேடம்?"

"சீக்கிரம் வாங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் மங்கலம்.

* * *

துறைமுகத்துக்குப் போகும் சந்தில் இருந்தது அந்த குடோன். கருவாட்டு நாற்றம். வாசலில் கூட்டம்.

உள்ளே எழிலன் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், வேறொரு டேப் மெஷினிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய இரும்பு மோட்டார்... ரத்தத்தோடு!

பவானி கத்தவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து பஞ்சுக் குச்சி பாக்கெட் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டேப் மெஷினின் ஹெட்டைத் துடைக்க அவள்தான் காலையில் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வாங்கியிருக்கிறான்.

காயலாங்கடை சிங்காரம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார்.

"எக்கா... நாந்தான் மொதல்ல பாத்தேன். டீ சாப்பிடக் கூப்புடலாம்னு வந்தேன். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்குது... இவுரு இப்பிடிக் கெடக்குறாரு!"

பவானி மெஷினைப் பார்த்தாள். இரண்டு சக்கரமும் காலி.

"டேப்பு?"

"இல்லக்கா. எடுத்துக்கிட்டுப் பூட்டானுங்க."

* * *

காரியம் முடிந்த மறுநாள் இன்ஸ்பெக்டர் மங்கலம் ஸ்டுடியோ படியேறி வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது. கேட்காமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் வீட்டுக்காரர் அன்னைக்குக் காலையில போன்ல ரெண்டே பேருகிட்டதான் பேசியிருக்காரும்மா. ஒண்ணு நீ. இன்னொண்ணு திருநாவுக்கரசு."

பவானி நிமிர்ந்தாள்.

"அரசு சாரா? மியூசிக் டைரக்டர் கார்த்திகேசனோட மகனா?"

"அவரேதான்."

"சாவுக்கு வந்தாரே மேடம்! மாலை போட்டாரு... பாடையில ஒரு பக்கம் தோள் கூட குடுத்தாரு!"

"விசாரிச்சேன். 'எழிலன் கூப்புட்டான், நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்'ங்கறாரு. அன்னைக்கு ஆனித் திருமஞ்சனம். சிதம்பரம் கோயில்ல இருந்தேன்றாரு. அவ்ளோ ஜனத்துல அவரு இருந்தாருன்னு சொல்லவும் ஆளில்ல, இல்லன்னு சொல்லவும் ஆளில்ல. போனை வீட்டுல வச்சிட்டுப் போனாராம். அந்தச் சந்துல கேமராவும் கெடையாது. மோட்டார்ல ரேகை இல்ல, தொடச்சிருக்கான்."

"வீட்டைத் தேடிப் பாருங்க மேடம்! டேப்பு அங்கதான் இருக்கும்!"

"வெறும் சந்தேகத்தை வச்சிக்கிட்டு உள்ள பூந்தேன்னா, நாளைக்கு கோர்ட்ல என்னைத்தான் நிக்க வப்பாங்க. ஒரு புடி வேணும்மா. சின்னதா இருந்தாலும் போதும்."

பவானி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே மேல வீதி எதுவும் நடக்காதது போல் ஓடிக்கொண்டிருந்தது. பூக்காரி, ஆட்டோ, சைக்கிள்.

பிறகு திரும்பினாள்.

"மேடம்... எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. அப்புறம் அரசு சாரை இங்க வரவச்சிடுங்க. நீங்களும் கூட இருக்கணும்."

"எதுக்கு?"

பவானி சொன்னாள்.

மங்கலத்தின் புருவம் உயர்ந்தது.

"இதுக்கு அவரு வாயைத் தொறக்கணுமே?"

"தொறப்பாரு மேடம். பாட்டுக்காரர் புள்ள. தப்பா கேட்டா தாங்காது!"

அன்றிலிருந்து பவானி ஹெட்போனைக் கழற்றவே இல்லை. யாராவது தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தால் அது அப்படியே காய்ந்தது. அழுகை வரும்போதெல்லாம் வால்யூமைக் கூட்டினாள்.

* * *

காலை வெயில் ஏறும் நேரத்தில் திருநாவுக்கரசு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு பை நிறைய ஆப்பிள் வேறு.

"எப்படிம்மா இருக்க? சாப்படறியா? ஏதாவது ஒதவின்னா என்னைக் கேளு. எழிலன் எனக்குத் தம்பி மாதிரி."

பவானி பையை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"ஒரு நல்ல சேதி சார். அவரு சாகறதுக்கு மின்ன அந்த டேப்பைக் காப்பி எடுத்து எனக்கு அனுப்பியிருக்காரு. நேத்துதான் மெயில்ல பார்த்தேன்."

திருநாவுக்கரசுவின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"பூராவுமா?"

"பாட்டு மட்டும்தான் சார். ஏன், வேற எதாவது இருக்கணுமா?"

"இல்லல்ல... சும்மா கேட்டேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த மங்கலம் கொட்டாவி விட்டபடியே கேட்டாள்.

"ஏன் சார், இந்த ஸ்டீரியோ சமாச்சாரத்தைப் பத்தி உங்கப்பா உங்ககிட்ட எதாவது சொல்லியிருக்காரா?"

"எங்கப்பாவா? வீட்டுல தொழில் பேச்சே எடுக்க மாட்டாரு மேடம்! இப்படி ஒரு டேப்பு இருக்குன்னே எழிலன் போன் பண்ணினப்பதான் எனக்குத் தெரியும்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க சார்."

"சத்தியமா மேடம்! நான் கேட்டதெல்லாம் அந்தப் பழைய ரெக்கார்டுதான். எல்லாரையும் போல!"

மங்கலம் தலையாட்டினாள். பவானி பட்டனைத் தட்டினாள்.

இரண்டு ஸ்பீக்கர்களும் உயிர் பெற்றன.

படகுக் காட்சியின் இசை. கதாநாயகி கரையை விட்டுப் போகிற இடம். இடது பக்கம் வயலின்கள் அலை அலையாக எழுந்தன. வலது பக்கம் ஒற்றைப் புல்லாங்குழல் அழுதது.

திருநாவுக்கரசு நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

கொஞ்ச நேரம்தான்.

பிடி தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் மறைந்தது. உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு...

"நிறுத்தும்மா. இது டூப்பு!"

"என்ன சார் சொல்றீங்க?"

"பழைய ரெக்கார்டை எடுத்து, கம்ப்யூட்டர்ல வாத்தியத்தைப் பிரிச்சி, ரெண்டு பக்கமும் பரப்பி வச்சிருக்க! யாரை ஏமாத்தப் பார்க்கற?"

"இல்ல சார்! ஒரிஜினல்! அவரு அனுப்பினது!" பவானி குரலை உயர்த்தினாள். "அடுத்த வாரம் வெளியிடப் போறேன். கார்த்திகேசனோட ஒரிஜினல் ஸ்டீரியோன்னு போட்டு!"

"இதையா?" திருநாவுக்கரசு சீறிக்கொண்டு எழுந்தார். "எங்கப்பா பேருலயா? வெக்கமா இல்ல? குழலை வலப்பக்கம் கம்பம் நட்ட மாதிரி நட்டு வச்சிருக்கியே! நெஜத்துல அது ஒரே எடத்துல நிக்காது. நடக்கும்!"

"நடக்குமா?"

"ஆமா! படகு கெளம்பறப்ப இடது காதுல ஆரம்பிக்கும். வாசிக்கறவன் ஊதிக்கிட்டே அந்த ஹால்ல நடந்து போறான். மெதுவா... மெதுவா... நெத்திக்கு நேரா வரும். படகு தள்ளிப் போகப் போக வலது காதுக்குப் போயி, காதையும் தாண்டி... எங்கியோ தேஞ்சி போயிடும். ஒரு தடவை கேட்டா ஜென்மத்துக்கும் மறக்..."

நிறுத்தினார்.



பவானியின் கண்களிலிருந்து நீர் இறங்கியது. எழிலன் கடைசியாகக் கேட்டது இதைத்தானா? அதைப் போய் இவன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே!

"அது நடக்கும்னு எனக்குத் தெரியாது சார்," என்றாள். "யாருக்குமே தெரியாது. மோனோவுல குழல் எங்க நின்னா என்ன, எங்க நடந்தா என்ன, ஒரே மாதிரிதான் கேக்கும். அதைப் பதிவு பண்ணினவங்களுக்கு அப்புறம் அந்த டேப்பைக் கேட்டது ரெண்டே பேருதான். ஒருத்தர் என் வீட்டுக்காரர். இன்னொருத்தர் அவரைக் கொன்னுட்டு டேப்பைத் தூக்கிட்டுப் போனவரு!"

"அ... அப்பா... அப்பா ஒரு தடவை சொல்லியிருக்காரு..."

மங்கலம் கொட்டாவியை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"இப்பதான சார் சத்தியம் பண்ணீங்க?"

திருநாவுக்கரசு வாசலைப் பார்த்தார். படியில் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

பொத்தென்று உட்கார்ந்தார்.

"கொல்லணும்னு போகல மேடம்... டேப்புல எங்கப்பா பேசறாரு. 'சுப்புராயா, மெட்டு உன்னுது. பேரு மட்டும் என்னுதா இருக்கட்டும்'னு. அந்தக் குழல்காரன் சிரிச்சிக்கிட்டே சரிங்கறான்! அந்த ஒரு மெட்டாலதான் எங்கப்பாவுக்கு இவ்ளோ பேரு. அடுத்த மாசம் அவருக்கு மணிமண்டபம் தொறக்கப் போறாங்க... பேச்சை மட்டும் அழிச்சிடுன்னு எழிலன் கால்ல விழாத குறையா கெஞ்சினேன்."

"என்ன சொன்னாரு?" பவானியின் குரல் உடைந்தது.

"'உங்கப்பா பேரை எடுக்க மாட்டேன் சார், பக்கத்துல சுப்புராயன் பேரையும் போடுவோம்'னான். சொல்லிட்டு மெஷினை ஆஃப் பண்ணக் குனிஞ்சான். கையில மோட்டார் கெடச்சுது..."

"டேப்பு எங்க?" என்றாள் மங்கலம்.

"வீட்டுல. அப்பாவோட ஆர்மோனியப் பெட்டிக்குள்ள. எரிக்கத்தான் கொண்டு போனேன். எரிக்கறதுக்கு மின்ன ஒரே ஒரு தடவை கேட்டுடுவோம்னு அவரோட பழைய மெஷின்ல போட்டேன்." முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். "எரிக்க முடியல மேடம்... நடந்து போவுது அது!"

மங்கலம் போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசினாள். எங்கோ ஒரு ஜீப் கிளம்பியது.

கான்ஸ்டபிள்கள் கையைப் பிடித்தபோது திருநாவுக்கரசு பவானியிடம் திரும்பினார்.

"நீதான அதைச் சுத்தம் பண்ணுவ? அந்தப் பேச்சை மட்டும் வெட்டிடுவியாம்மா?"

"இரைச்சலைத்தான் சார் எடுப்பேன். எழிலன் சொன்ன மாதிரியே ரெண்டு பேரு பேரும் வரும்."

"அப்ப... அப்ப எங்கப்பா மணிமண்டபம்?"

மங்கலம் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். உங்களுக்கே ஒரு மண்டபம் ரெடியா இருக்கு சார்... கேப்பர் மலை சென்ட்ரல் ஜெயில்ல. என்ன ஒண்ணு, அங்க தொறப்பு விழா கெடையாது. வெறும் பூட்டு விழாதான்!"