பட்டறையில் இழைக்கும் சத்தம்

காலை பத்து மணிக்கு வீட்டுப் பின்புறப் பட்டறையில் இழைப்புளி ஓடும் சத்தம் கேட்டபோது தச்சர் தன் படுக்கையில்தான் கிடந்தார். சர்... சர்... என்று, ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு ஒரு மூச்சு நேரம் நின்று, இருபது வருடமாக அவர் கை பழகிய அதே போக்கில் அது ஓடியது. சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே புதிதாகச் சீவிய தேக்கின் வாசனை வந்து தலையணை வரை பரவியது. அந்தப் பட்டறையில் அவரைத் தவிர வேறு யாரும் வேலை செய்வதில்லை.

மாதத்துக்கு ஒரு முறை அது அவர் மேல் வந்து உட்காரும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு. இன்று இரண்டாவது. விரலை அசைக்கக்கூட மனம் வராது, செத்தால் தேவலை என்றிருக்கும், பிறகு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இதுவும் மனச்சோர்வுதான் என்றார் டாக்டரம்மா.

"சீக்கிரம் போயிடுதேன்னு லேசா எடுத்துக்காதீங்க. நல்லா இருக்கற நாள்லயும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. அந்த நாள்ல கூரான சாமான் எதுவும் கைக்கு எட்ட வேணாம்."

மனைவி இழைப்புளி, உளி எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். கதவைத் திறந்தாலே எரிந்து விழுவார் என்பதால் அறைக்குள் வர மாட்டாள். அந்த நாட்களில் அவர் எழுந்திருக்கவே மாட்டார் என்பதால் மாற்றுச் சாவியை அவரிடமே விட்டிருந்தாள். தேறியதும் அதை வைத்துப் பெட்டியைத் திறந்து ஒரு பலகையை இழைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் டீயோடு பட்டறைக்கு ஓடுவாள். இருவருக்கும் அதுதான் ஏற்பாடு.

மாற்றுச் சாவி இப்போது அவர் தலையணைக்கு அடியில் இருந்தது.

சமையலறையில் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

போகாதே என்று கத்த வாயைத் திறந்தார். நாக்கு ஈரத்துணி மாதிரி கிடந்தது. கையை ஊன்றப் பார்த்தார். கை வரவில்லை. சென்ற மாதமே மாத்திரையை நிறுத்தியதை அவளிடம் சொல்லியிருக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டார்.

செருப்புச் சத்தம் முற்றத்தைத் தாண்டியது.

"ரெண்டாம் நாளே எழுந்துட்டீங்களா? பரவாயில்லையே. சாருக்கு டீ போதுமா, மாலை வாங்கிட்டு வரணுமா?"

சத்தம் நின்றது.

டம்ளர் உருண்டது.

"என்னங்க... வேணாங்க..."

ஓர் அடி. பச்சைக் கட்டையில் கோடரி இறங்குவது போல. இன்னொன்று. அவள் அவரைக் கூப்பிட்டாள். படுத்த இடத்திலேயே அழுதார். மூன்றாவது அடி. பிறகு அவள் கூப்பிடவில்லை.

மறுபடியும் இழைப்பு. மெதுவாக. பொறுமையாக. மரம் இப்படிச் சத்தம் போடாது.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அவருடைய பனியன். அவருடைய முகம். முழங்கை வரை சிவப்பு.

அது கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்தது. போர்வையை இழுத்து இருவருக்கும் போர்த்தியது. ஈரக் கையை அவர் நெஞ்சின் மேல் போட்டது. விரல்களில் அவள் தலைமுடி சுற்றியிருந்தது.

"தூங்கு," என்றது அவர் குரலில். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு."