காத்து வருதா?

“லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க உன்கிட்ட பேசுறாங்களே, வெளிய வந்தப்புறமும் பேசுவாங்களாம்மா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

லிஃப்ட் கம்பெனியின் அவசரத் தொலைபேசியில் உட்கார்ந்து, மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே அடைபட்டவரோடு பேசிக்கொண்டே இருப்பதுதான் அம்மாவின் வேலை. கதவு திறந்ததும் இணைப்பு அறுந்துவிடும். ஒருவர்கூடத் திரும்ப அழைத்ததில்லை.

கம்பெனியில் அவளுக்குப் ‘போன் அக்கா’ என்று பெயர். வெளியூரில் நடந்த கம்பெனி மாநாட்டில், மாலையில் மெக்கானிக்குகளை எஸ்கேப் ரூமுக்கு, அதாவது புதிர்களை அவிழ்த்துப் பூட்டிய அறையிலிருந்து வெளியேறும் விளையாட்டுக்கு, கூட்டிப்போகும் பொறுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது.

“தினமும் அடைபட்டவங்களை வெளிய எடுக்கிறோம். இன்னைக்குக் காசு குடுத்து நாமளே அடைபடணுமா?” என்றார் சூப்பர்வைசர்.

“ஜெயிச்சா சாப்பாடு கம்பெனி செலவு, சார்.”

“அப்ப சீக்கிரம் பூட்டு தாயே!”

எல்லாருடைய செல்போன்களையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறைக்குள் நுழைந்ததுமே ஈர சிமெண்டு வாடை. அலமாரி, பெட்டி, ஓடாத கடிகாரம் எல்லாம் விளையாட்டுக்காகச் செய்துவைத்தவை என்று பார்த்தாலே தெரிந்தது. பின்சுவர் மட்டும் அப்படி இல்லை. புதுப்பூச்சு. தொட்டாள். காய்ச்சல்காரரின் முதுகுபோலச் சுட்டது.

மெக்கானிக்குகள் ஒரு புதிரையும் தொடவில்லை. கதவுப் பூட்டை நோண்டியே திறந்துவிட்டு, ஆரவாரமாக வெளியே பாய்ந்தார்கள். அவள் கைப்பையை எடுக்கக் குனிந்த நேரத்தில் கதவு சாத்தப்பட்டது.

“நீங்களும் ஒரு தடவை உள்ள இருந்து பாருங்க, போன் அக்கா!”

விளக்கு அணைந்தது. சிரிப்புச் சத்தம் நடைபாதை வழியாகப் போய், படிகளில் இறங்கி, கீழே எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு அவளுடைய மூச்சு மட்டும்தான் கேட்டது, அந்த ஈர வாடையோடு சேர்ந்து ஏறி இறங்கியபடி. கதவைத் தட்டினாள். கத்தினாள். கடவுளைக் கூப்பிட்டாள்.

“உள்ள யாரு இருக்கீங்க?”

ஒரு பெண் குரல். மெதுவாக.

“நான்தான்... நான் மட்டும்தான்.”

“காத்து வருதா?”

அவளே தினமும் கேட்கிற கேள்வி. நம்மைப் போல ஒருத்தி என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

“வருது.”

“அப்ப பயமில்ல. பேசிக்கிட்டே இருங்க.”

பேசினாள். முழங்கால் வலி, மாநாட்டில் கொடுத்த ஆறிப்போன காபி, மகளின் பிடிவாதம். குரல் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

கதவைத் திறந்தவர் அந்த இடத்தின் மேனேஜர். “ஐயோ, நீங்க உள்ளயா இருக்கீங்க? உங்காளுங்க சாப்பிடப் போய்ட்டாங்களே. நானும் டீ குடிக்கக் கீழ போயிட்டேன்.”

“ஸ்பீக்கர்ல ஒரு அம்மா பேசுனாங்க. அவங்களுக்கு நன்றி சொல்லணும்.”

“இந்த ரூம்ல ஸ்பீக்கரே இல்லைங்க. இங்க லேடீஸ் யாரும் வேலை பார்க்கல.” அவர் கண் பின்சுவருக்குப் போய், சட்டென்று திரும்பியது. “கிளம்புங்க. நான் பூட்டணும்.”

மற்ற அறைகளின் விளக்கை அணைக்கப் போய்விட்டார். அவள் படிக்கட்டு வரை வந்தாள். கீழே தட்டுச் சத்தம், சிரிப்பு. அவளை ஒருவரும் தேடியிருக்கவில்லை. இறங்கிப் போய்விடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்க ஆள் இல்லாதவரை விட்டுப்போவது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது.

அந்த அறைக்கே திரும்பி நடந்தாள்.

சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

“அம்மா, உங்களுக்குக் காத்து வருதா?”

உள்ளே ஏதோ சுரண்டியது. வெகுநேரம்.

“இல்ல.”

“இருங்க. ஆளைக் கூட்டிட்டு வரேன். உடைக்கச் சொல்றேன்.”

“அப்படிச் சொல்லிட்டுப் போனவங்க யாரும் வரல.”

நடைபாதை விளக்கு அணைந்தது. கதவு மூடியது. மேனேஜரின் சாவிக்கொத்து குலுங்க, பூட்டு விழுந்தது. அவள் கூப்பிட வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சுவரோரம் உட்கார்ந்தாள்.

பூச்சு உப்பியது. ஈரமாக வெடித்தது. விரல்கள். நகம் இல்லாத விரல்கள். ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவள் விரல்களின் இடையில் நுழைந்து, இறுகின. எலும்பு நெரிந்தது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மகளின் பிடிவாதத்தைப் பற்றி, விட்ட இடத்திலிருந்து, மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.