பங்கு போட்ட கிறுகிறுப்பு

"இன்னைக்குக் கிறுகிறுப்பு எனக்கு. மூச்சு வாங்குறதை நீ எடுத்துக்கடா," என்று காப்பித் தம்ளரைத் தம்பியிடம் நீட்டினாள் தனபாக்கியம்.

"நேத்தும் எனக்குத்தானக்கா மூச்சு வாங்குச்சு! மாத்திரை மச்சானுக்கு, நாக்குத் தள்ளுறது எனக்கா?" என்றான் கதிரேசன். சொல்லிக்கொண்டே மணிக்கட்டிலிருந்த பட்டையைத் தட்டி வாங்கிக்கொண்டான். கால் கனம் மகள் இசைவாணிக்கு. அவளுக்கு வீட்டிலிருந்தபடியே உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதனால் அதை நிரந்தரமாகவே எழுதி வாங்கிக்கொண்டவள்போல் வைத்திருந்தாள்.

தனபாக்கியத்தின் கணவர் பரஞ்சோதி சீர்நாடி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இதயத்துக்கென்று புதிதாக வந்திருந்த மருந்து அது. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எப்படிச் செய்யும்? செய்வதையெல்லாம்தான் மற்ற மூன்று பேரும் வாங்கிக்கொண்டார்களே!

நோயாளி தனியாகக் கிடந்து அவதிப்படுவது அந்தக் காலத்தில் ஒழிந்துபோயிருந்தது. பகிர்பட்டை கட்டிக்கொண்டால் போதும், மருந்தின் பக்கவிளைவு எதுவோ அந்த உணர்வு, சம்மதிக்கிற சொந்தக்காரர் உடம்புக்குப் போய்விடும். யாராவது தன் தலைசுற்றலைத் தானே பட்டுக்கொண்டிருந்தால், "ஐயோ பாவம், இவருக்கு யாருமே இல்லையா?" என்று தெருவே உச்சுக்கொட்டும்.

சாயங்காலமானால் பட்டை ஒவ்வொருவரையும் கேட்கும்: "எப்படி இருக்கிறது?" பதில் நேரே டாக்டருக்குப் போகும். மூன்று பேரும் தினமும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "பரவாயில்லை." கஷ்டமென்று சொன்னால் பரஞ்சோதி திரும்ப வாங்கிக்கொள்வாரே என்கிற பயம். நம் வீடுகளில் வேறென்ன சொல்வார்கள்?

அன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் மாடியிலிருக்கும் சூரிய மின்தகடுகளைத் துடைத்துவிடலாமென்று பரஞ்சோதி வாளித் தண்ணீரோடு படியேறினார். உடம்பு பஞ்சாக இருந்தது. சீட்டியடித்தபடி நாலு தகடு துடைத்துவிட்டு இறங்கி வந்தவர், கூடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

தனபாக்கியம் அடுப்பங்கரை வாசலில் சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை விட்டு அசையாத கதிரேசன் மலையேறியவன்போல் இரைத்துக்கொண்டிருந்தான். அம்மாவைத் தூக்க எழுந்த இசைவாணி, கால் வராமல் மேசையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"என்ன தனம்?"

"ஒன்னுமில்லைங்க. காலையில சாப்புடல, அதான்."

"எனக்கு நேத்துத் தின்ன பரோட்டா," என்றான் கதிரேசன், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டு.

பரஞ்சோதிக்குச் சுரீரென்றது. வாளியைத் தூக்கியது அவர். விழுந்தது இவர்கள். அப்படியானால் உள்ளே இருக்கிற இதயம் என்ன பாடுபடுகிறது? அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர்த்திரையில் டாக்டர் ஷெரினைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் பதறிப்போனாள். "எல்லாரும் பரவாயில்லைன்னுதானே சொல்லியிருக்கீங்க? நாடியை இந்த மருந்து குறைக்கத்தான் செய்யும் சார். குறைஞ்சது போதுமா, ரொம்பக் குறைஞ்சிடுச்சான்னு உடம்புதான் சொல்லணும். பட்டை உணர்வைத்தான் இடம் மாத்தும், பாதிப்பு உங்க உடம்புலயேதான் இருக்கு. எல்லாத்தையும் நீங்களே திரும்ப வாங்கிக்கங்க. அசையாம உக்காருங்க, வண்டி அனுப்புறேன்."

"நான் தரமாட்டேன்," என்று பட்டையை மறு கையால் பொத்திக்கொண்டாள் தனபாக்கியம். "டாக்டரம்மா, எனக்குப் பழகிடுச்சு. அவரால தாங்க முடியாது."

"தனம்." பரஞ்சோதி அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "என் உடம்பு என்கிட்ட என்னமோ சொல்ல வருது. நீங்க மூணு பேரும் அது வாயைப் பொத்துறீங்க. குடு தாயி."

முதலில் இசைவாணி கழற்றினாள். அப்புறம் கதிரேசன். "மச்சான், நான் சலிச்சுக்கிட்டது சும்மா விளையாட்டுக்கு," என்று பட்டையை அவர் மடியில் வைத்தான்.

கடைசியாகத் தனபாக்கியம் கழற்றினாள். எல்லாம் ஒன்றாக அவர் மேல் வந்து விழுந்தது. கூடம் சுழன்றது. கால் இரும்பானது. காற்று பாதி வழியிலேயே நின்றது. டாக்டர் கேட்கக் கேட்க, ஒன்றையும் குறைக்காமல் சொன்னார்.

"தெரிஞ்சுடுச்சு. உங்களுக்கு இந்த அளவு அதிகம்," என்றாள் ஷெரின். "வண்டியில வர்ற நர்ஸ் பாத்துப்பாங்க. இனிமே எவ்வளவுன்னு நான் சொல்றேன். நீங்களா கூட்டவோ நிறுத்தவோ கூடாது."

தனபாக்கியத்துக்குத் தலை தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அவர் உடம்பு அவளுக்குள் இருந்தது, கேட்காமலே தெரிந்தது. இப்போது முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினாள். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "எப்படிங்க இருக்கு?"

'பரவாயில்லை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"பயமா இருக்கு தனம். சுத்துது. கையைப் பிடிச்சுக்க."

வாசலில் வண்டி வந்து நிற்கும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.