மூன்று பைட் வெற்றிடம்

“ஐயோ... ஹெக்டர்!”

மேர்லினின் அலறலில் மட்டக்களப்பு வாவிக்கரையே திரும்பிப் பார்த்தது.

கண்டல் வேர்களுக்கிடையே அவள் கணவன் குப்புற மிதந்தான். பின்மண்டை பிளந்திருந்தது!

படகு எந்நேரம் எங்கே நின்றது என்று பதியும் தடங்காட்டிப் பெட்டி செய்து கொடுத்தவன் ஹெக்டர். அதற்குள் ஓடும் கேர்னலையும், அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளையும், அவனே எழுதியிருந்தான்.

மாலைக்குள் மீனவன் றிஸான் கம்பிக்குள்!

“எங்கட நானா கொல்லல்ல சேர்!”

பொலிஸ் நிலையத்தில் குமுறியவள் றிஸானின் தங்கை ஸில்மியா. கொழும்பில் கேர்னல் எழுதுபவள்; அந்தத் தொழிலை ஹெக்டரின் கடையில் பழகியவள். செய்தி கேட்டதும் ஓடி வந்திருந்தாள்.

“அவன்ட படகுப் பெட்டி வேற கதை சொல்லுதே, தங்கச்சி!” என்றார் இன்ஸ்பெக்டர் தவேந்திரன். “ராவு அந்த இடத்திலதான் படகு நிண்டிருக்கு. பதிவ எடுத்துத் தந்தவர் இவர்தான்.”

பக்கத்தில் சதீஸ். ஹெக்டரின் தொழில் கூட்டாளி. அழுதழுது கண் சிவந்திருந்தது.

“பெட்டி பொய் சொல்லாது, பிள்ளை,” என்றான்.

நாளைக்கு நீதிமன்றம். அதன் பிறகு நானாவை யார் நம்புவார்கள்? ஸில்மியா மேசையிலிருந்த கணினியில் அந்தப் பதிவைத் திறந்தாள்.

திரையைப் பார்த்தாள்... மறுபடி பார்த்தாள்...

“சேர், ஒவ்வொரு பதிவிலயும் முதல்ல ஒரு பைட், ஒரு எழுத்து கொள்ளுற இடம். பிறகு நேரம், நாலு பைட். அந்த நேரம் பெட்டிட நினைவகத்தில நாலால பிரிபடுற முகவரியிலதான் தொடங்கும். அதால நடுவுல மூண்டு பைட் சும்மா கிடக்கும்.”

“கிடந்தா என்ன?”

“ஹெக்டர் அண்ணன் அதத் துடைக்கவே மாட்டார். பழைய குப்பை அப்படியே கிடக்கும்.” சட்டென்று திரும்பினாள். “அந்த ராவுப் பதிவுல உங்கட லப்டொப் பேர்ல ஒரு துண்டு கிடக்கு, சதீஸ் அண்ணன்!”

சதீஸ் துள்ளி எழுந்தான்.

“பச்சைப் பொய்! அந்த மூண்டையும் சைபராக்கிப் போட்டுத்தானே நான் எழுதின...”

அவன் கண் கதவுப் பக்கம் ஓடியது.

“ஓம். பேர் கிடக்கெண்டது நான் சும்மா சொன்னது. சைபர்தான் கிடக்கு.” ஸில்மியா திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள். “மத்த ராவெல்லாம் குப்பை. அந்த ராவு மட்டும் சுத்தம்! அது பெட்டி எழுதினதில்ல, நீங்க எழுதினது. ஊத்தை வேலை எண்டு ஹெக்டர் அண்ணன எந்நாளும் ஏசுறது நீங்கதானே?”

சதீஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“படகு நிக்கிற இடங்கள நான் கடத்தல்காரருக்குக் குடுத்தத... ஹெக்டர் கண்டுபிடிச்சிட்டான்...”

விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

“கொலை செஞ்சிட்டுக் கையக் கழுவினவங்களக் கண்டிருக்கன். ஒண்டுமே இல்லாத இடத்தக் கழுவி மாட்டுப்பட்டவன் நீதான்டா முதல் ஆள்!”