ஒருக்களித்துப் படுத்த ஜட்ஜ்!

"ஐயோ...ஓ...ஓ!"

சமையல்காரம்மாவின் அலறலில் ஜன்னல் கண்ணாடிகள் ஒரு தடவை அதிர்ந்து அடங்கின.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வாசலில் கால் வைத்த நர்ஸ், பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த வீட்டில் அவளுக்கு 'இஸ்திரி' என்று பெயர். வெள்ளை யூனிஃபார்மில் ஒரு சுருக்கம் இருக்காது. முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. தன்னைத் தவிர உலகத்தில் எவருக்கும் எதுவும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்பது அவள் அபிப்பிராயம். அதை மறைத்து வைக்கிற வழக்கமும் இல்லை.

நோயாளி அறை.

கட்டிலில் ஜட்ஜ்.

நாற்காலியில் உட்கார்ந்த காலத்தில் எத்தனையோ பேரை உள்ளே தள்ளியவர். வாதம் வந்து வலது பக்கம் மொத்தமாக விழுந்த பிறகும் வாய் மட்டும் விழவில்லை. காலையில்கூட சூப்பு ஆறிவிட்டது என்று சமையல்காரம்மாவின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருந்தார்.

இப்போது அந்த வாய் மூடியிருந்தது.

நாடி... இல்லை. மூச்சு... இல்லை.

இஸ்திரி நிமிர்ந்தாள். நிமிரும்போது இடுப்பு விண்ணென்று வலித்தது. ஏன் இவ்வளவு குனிந்தோம்?

அப்புறம்தான் பார்த்தாள்!

ஜட்ஜ் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை. முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. விழுந்துபோன வலது கை முன்னால் நீட்டி, அதற்கென்று தனியாக ஒரு தலையணை மேல். குதிகால்கள் மெத்தையில் படாமல் அந்தரத்தில்.

அச்சு அசலாகப் பாடப் புத்தகப் படம்!

"யாரு இவரைத் திருப்பிப் படுக்க வச்சது?"

சமையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்கென்ன தெரியும் சிஸ்டர்? நான் பின்னாடி பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். ஐயாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்... இப்படி..."

"என்ன இங்க சத்தம்?"

மாடியிலிருந்து மகன் இறங்கி வந்தான். கோட்டு. சூட்டு. அறைக்குள் வருமுன்பே வந்துவிடுகிற சென்ட் வாசனை. வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு டைரக்டர். அப்படித்தான் ஊரெல்லாம் பேச்சு. போன வாரம்தான் வந்திருந்தான். இன்று சாயங்காலம் வருங்கால மாமனார், பெரிய கட்டடக் கம்பெனி முதலாளி, சம்பந்தம் பேசி முடிக்க வருவதாக இருந்தது.

"அப்பா!" என்றான் வாசலிலேயே நின்று. கிட்டே வரவில்லை.

அப்புறம் நர்ஸைப் பார்த்துக் கத்தினான். "என்ன பண்ணித் தொலைச்சே?"

*

இன்ஸ்பெக்டருக்கு மீசை பெரிது. பொறுமை சிறிது.

போலீஸ் டாக்டர் ஜட்ஜின் கண் இமைகளைத் தூக்கிப் பார்த்தார். உதட்டைப் புரட்டிப் பார்த்தார். "முகத்துல தலையணையை வச்சு அழுத்தியிருக்காங்க. சந்தேகமே இல்லை. ஒரு மணி நேரம்கூட ஆகலை."

கொலை!

இன்ஸ்பெக்டர் விரலைச் சொடுக்கினார். "ஏ ஆயா! இங்க வா."

இஸ்திரியின் புருவம் மேலே போனது.

"ஆயா பின்கட்டுல இருந்தா கூப்பிடுங்க. நான் நர்ஸ்."

"எல்லாம் ஒண்ணுதான். கிழம் கட்டையைக் குளிப்பாட்டித் துடைச்சு விடற வேலைக்கு எத்தனை பேரு?"

மகன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தான். "அதான் சார். பெட்பேன் தூக்கறதுக்கு யூனிஃபார்ம் வேற."

அவ்வளவுதான். இஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது!

"தெரியாததைப் பேசாதீங்க ரெண்டு பேரும். ஒரு காலத்துல வயசானவங்க வார்டுன்னா தண்டனை போஸ்டிங். குடிச்சிட்டு வந்தவ, டாக்டரை எதிர்த்துப் பேசினவ, வேற வார்டுக்கு லாயக்கில்லாதவ, எல்லாரையும் அங்கதான் தள்ளுவாங்க. அதுக்கும் முன்னாடி நர்ஸே கிடையாது. அனாதை விடுதியில நடக்கிற கிழம் படுத்த கிழத்துக்குத் தண்ணி குடுக்கும். அதான் வைத்தியம். முதுகு புண்ணாப் போனா, வயசாச்சுன்னு கையை விரிச்சிடுவாங்க."

"அம்மா தாயே, இப்ப..."

"குறுக்கே பேசாதீங்க! சில நர்ஸுங்க பிடிவாதமா நின்னாங்க. புண்ணு வயசால வரலை, திருப்பிப் போடாத சோம்பேறித்தனத்தால வருதுன்னு காட்டினாங்க. அதுக்கப்புறம்தான் இதுக்குன்னு தனிப் படிப்பு, தனிப் பரீட்சை. அதுல நான் மேல்படிப்பு முடிச்சவ. காலேஜ்ல சொல்லியும் குடுத்தவ. இதோ பாருங்க!"

கட்டிலைக் காட்டினாள்.

"இப்படி ஒரு வாதக்காரரைப் படுக்க வைக்க வழியில போற எவனாலும் முடியாது. குதிகாலைப் பாருங்க, புண்ணு வராம மெத்தையில படாம வச்சிருக்கு. கையைப் பாருங்க. இது படிச்ச கை. பழகின கை!"



இன்ஸ்பெக்டர் மீசையை நீவிக்கொண்டார். மிக அன்பாகக் கேட்டார்.

"அந்த மாதிரி படிச்ச கை இந்த வீட்டுல யார்கிட்ட இருக்கு?"

இஸ்திரிக்கு அப்போதுதான் உறைத்தது.

வாயைக் கொடுத்து வசமாக மாட்டிக்கொண்டாள்!

"நான்... நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன்."

"கடைக்காரரைக் கேட்டாச்சு. கூட்டமா இருந்துச்சாம். உங்களைப் பார்த்த ஞாபகமே இல்லையாம்."

"நான் எதுக்கு சார் இவரைக் கொல்லணும்?"

மகன் முந்திக்கொண்டான். "தினம் திட்டுவார் சார். ஒரு நாள்கூட மரியாதையா பேசினதில்லை. நேத்து சூப்புக் கிண்ணத்தை இவ மூஞ்சியிலேயே வீசினார். பொறுக்காம பண்ணியிருப்பா."

சமையல்காரம்மாவைப் பார்த்தார் இன்ஸ்பெக்டர். அவள் பரிதாபமாகத் தலையை ஆட்டினாள். கிண்ணம் பறந்தது உண்மைதான்.

"கிளம்புங்க ஆயாம்மா. ஸ்டேஷன்ல மிச்சப் பாடத்தை நடத்தலாம்."

இஸ்திரி முதல் தடவையாக யூனிஃபார்மைக் கசக்கிப் பிடித்தாள். கொலைகாரி! நோயாளியைக் கொன்ற நர்ஸ்! ஜெயில் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் படிப்பையே எடுத்துத் தெருவில் போட்டு மிதிப்பார்களே...

யோசி... யோசி...

ஏன் குனிந்தோம்?

கட்டில்!

மோட்டார் வைத்த கட்டில் அது. அவள் போகும்போது இடுப்பு உயரத்தில் இருந்தது. பக்கக் கம்பிகளை ஏற்றிப் பூட்டிவிட்டுத்தான் போவாள். எப்போதும் அப்படித்தான். இப்போது கம்பிகள் இறங்கியிருந்தன. கட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது.

"சார்! நான் கம்பியை ஏத்திட்டுப் போற ஆளு. இது வேற இடத்துப் பழக்கம். கம்பி போட்டா சிறை வச்ச மாதிரின்னு சில நாட்டுல கம்பியே போட மாட்டாங்க. விழுந்தாலும் அடிபடாம இருக்கக் கட்டிலைத் தரையோட இறக்கிடுவாங்க."

"செத்தவர் கீழே விழுந்துடக் கூடாதுன்னு கொலைகாரன் கவலைப்பட்டானாக்கும்?"

"அதான் சார் நானும் சொல்றேன்! பழகின கை தானாச் செஞ்சிருக்கு."

"நல்லா சொன்னீங்க போங்க."

மகன் பொறுமையிழந்தான். "சாயங்காலம் எனக்கு முக்கியமானவங்க வர்றாங்க சார். சீக்கிரம் முடிங்க." அறை மூலையில் இருந்த வாஷ்பேசினுக்குப் போனான். கை கழுவினான்.

இஸ்திரி சும்மாதான் பார்த்தாள்.

உள்ளங்கை. புறங்கை. விரல் இடுக்குகள். ஒவ்வொரு கட்டை விரலையும் தனியாகப் பிடித்துத் திருகல். நகக் கண்கள். மணிக்கட்டு.

கடைசியில் குழாயின் நீளக் கைப்பிடியை... முழங்கையால் மூடினான்!

இஸ்திரிக்கு எங்கோ பொறி தட்டியது.

ரேகைக்காரரும் போட்டோக்காரரும் வேலையை முடித்திருந்தார்கள். வாசலில் பிண வண்டி வந்து நின்றது. வந்தவர் ஒரே ஆள். கூட வர வேண்டியவர் லீவாம்.

"யாராச்சும் ஒரு கை குடுங்கப்பா" என்றார் வண்டிக்காரர்.

"நான் தொட மாட்டேன்" என்றான் மகன் அருவருப்போடு. "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை. வேலைக்காரங்க செய்யட்டும்."

"நான் தூக்கறேன்" என்றாள் இஸ்திரி.

இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். "தூக்குங்க. உங்க கடைசி நோயாளி."

இஸ்திரி கட்டிலருகே போனாள். மனசுக்குள் ஜட்ஜிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அவரிடம் அவள் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான்.

குனிந்தாள்.

விழுந்துபோன அந்த வலது கையை மணிக்கட்டில் பிடித்தாள். சந்தையில் மூட்டையை இழுப்பதுபோல வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள்!

"ஏய்ய்ய்!"

மகன் பாய்ந்து வந்தான். அவள் கையைத் தட்டிவிட்டான்.

"அறிவிருக்கா உனக்கு? வாதம் விழுந்த கையைப் பிடிச்சா இழுப்பாங்க? தோள்பட்டை கழண்டுக்கும்! ஷீட்டோட சேர்த்து நகர்த்து!"

சொல்லி முடிக்கும்போதே அவன் கைகள் ஜட்ஜின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் போயிருந்தன. முழங்கால் மடங்கி, முதுகு நேராக, ஒரு கால் முன்னால். தூக்கத் தயாராக!

அப்படியே நின்றான்.

எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இஸ்திரி மெதுவாகக் கேட்டாள். "செத்தவருக்குத் தோள்பட்டை கழண்டா என்ன சார்? வலிக்கவா போகுது?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்... ஒரு ஹாஸ்பிடல் டைரக்டர்... பார்த்திருக்கேன்..."

"டைரக்டருங்க பார்ப்பாங்க. மீட்டிங் ரூம் கண்ணாடி வழியா. இப்படிக் காலை முன்னாடி வச்சு முதுகு பிடிக்காம நிக்க எந்த டைரக்டருக்கும் தெரியாது. எங்க வேலை பார்த்தீங்க? எந்த முதியோர் இல்லம்?"

"வாயை மூடு!"

"நர்ஸிங்ல சொல்லித் தர்ற மாதிரிக் கட்டை விரலைத் தனியாக் கழுவற ஆளு நீங்க! எந்த வருஷம் பாஸ் பண்ணீங்க?"

இன்ஸ்பெக்டர் மீசையிலிருந்து கையை எடுத்தார். "சார்... உங்க ஆஸ்பத்திரி நம்பரைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு போன் போட்டுடறேன்."

அவன் கொடுக்கவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கோட்டு தோளில் ஏறிக்கொண்டு கோமாளி மாதிரி இருந்தான்.

"நர்ஸ்தான்" என்றான் தரையைப் பார்த்து. "டாக்டராகணும்னு அப்பா அனுப்பினார். சீட்டு கிடைக்கலை. கிடைச்ச படிப்பைப் படிச்சேன். முதியோர் இல்லத்துல நர்ஸ். இங்க... டைரக்டர்னு சொல்லிட்டேன்."

"இது அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மதியம் இவ வெளியே போனதும் படுக்கையில சரிஞ்சு கிடந்தார். கழுத்து மடங்கி, மூச்சு வாங்கிட்டு. பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை. ஒரே தூக்கா மேலே தூக்கி உட்கார வச்சேன். கண்டுபிடிச்சுட்டார்! இத்தனை நாளா எத்தனையோ கை அவரைத் தூக்கியிருக்கே. 'டேய்... இது டைரக்டர் கை இல்லைடா. பீ அள்ளற கை!'ன்னு சிரிச்சார். சம்பந்தி வரட்டும், இந்தத் தீர்ப்பை அவர் முன்னாடிதான் வாசிப்பேன்னார். சிரிச்சுக்கிட்டே இருந்தார்... நிறுத்தவே இல்லை..."

"அதனால நிறுத்திட்டீங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்புறம் பார்த்தா... கோணல் மாணலா கிடந்தார் சார். குதிகால் ரெண்டும் மெத்தையில அழுந்திட்டு..." குரல் உடைந்தது. "அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை."

சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இஸ்திரிக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. ஒரு வினாடி... ஒரே ஒரு வினாடி... அந்தக் குதிகால்களுக்காக மட்டும் மனசு இளகியது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"தூ! பெத்த அப்பனைக் கொல்ல வெட்கமில்லை. நர்ஸ்னு சொல்ல வெட்கம்! அள்ளினது கேவலமாம்... அமுக்கினது கௌரவமாம்! உங்களுக்கும் உங்கப்பாவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அவர் படுத்துக்கிட்டு எங்களைக் கேவலமா பேசினார். நீங்க கோட்டு போட்டுக்கிட்டுப் பேசினீங்க."

அவன் தலை நிமிரவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே நடத்திப் போனார்கள்.

ஜட்ஜை ஷீட்டோடு சேர்த்து நகர்த்தி, ஸ்ட்ரெச்சரில் வைத்து, தலை ஆடாமல் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள் இஸ்திரி. வண்டிக்காரர் சொன்னபடி பிடித்தார். வண்டி போனது.

வாசலில் இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி நின்றார். தொப்பி கைக்கு வந்திருந்தது. மரியாதையும் கூடவே வந்திருந்தது.

"மேடம்..."

"அட! ஆயா எங்க போனா?"

"மனசுல வச்சுக்காதீங்க மேடம். வந்து... எங்கம்மா இடுப்பு முறிஞ்சு படுத்த படுக்கையா இருக்காங்க. பார்த்துக்க ஆள் யாரும் நிலைக்க மாட்டேங்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சு... கைப்பக்குவமா, பொறுப்பா, ஒரு நல்ல நர்ஸ் கிடைப்பாங்களா?"

இஸ்திரி கசங்கிப் போயிருந்த யூனிஃபார்மை நீவி விட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தாள்.

"ஓடிப்போய்ப் பிடிங்க சார்... இப்பதான் ஒருத்தனை ஜீப்புல ஏத்தினீங்க!"